கல் எந்தப் பக்கம் நடந்தது

அலைபேசித் திரையில் சித்திரக்கதை வெளியிடத் தொடங்கியிருக்கும் இளையவர்களே,

உங்களில் சிலர் சென்ற மாதம் என் இல்லம் தேடி வந்தீர்கள். ஒருவர் வெள்ளிமலையிலிருந்து பேருந்து ஏறி, மலை இறங்கி வந்தவர். இத்தனை ஆண்டுகள் வரைந்தவர் என்ற முறையில் எங்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். எந்தச் செயலியில் வரைவது, எந்த நேரத்தில் வெளியிட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்பனவெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். அது சந்தேகப்படுவது.

கள்ளக்குறிச்சியில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, பிறர் எழுதிய பத்திரங்களைப் படித்துப் படித்தே எழுதக் கற்றவன். எனக்குப் பிறகு வாரிசு எவருமில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் முகத்தை மறுபடி ஒருமுறை பார்ப்பேன். வில்லங்கம் ஏதுமில்லை என்று தாமாகவே முந்திக்கொண்டு சொல்பவரிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பேன். அந்தப் பழக்கம் எனக்குச் சோறு போட்டது. படம் வரையும்போது மட்டும் அதை மறந்திருந்தேன்.

பகலில் பத்திரம், மீந்த பொழுதில் படம் என்பதே என் ஏற்பாடு. என் கதையின் நாயகன் ஓர் எல்லைக் கல். அவனுக்குக் கல்லண்ணன் என்று பெயரிட்டிருந்தேன். இரண்டு நிலங்களுக்கு நடுவே நட்டு வைத்த அந்தக் கல்லை யாராவது சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். கல் அலுத்துக்கொள்ளும், கேலி பேசும், சில நாள் கெஞ்சும். காகிதத்தில் நான் வரைந்து தருவேன். என் மேசைக்கு அடுத்த டிடிபி கடையை நடத்தி வந்த பிலோமினா அதைக் கணினியில் ஏற்றி, வண்ணமிட்டு, பேச்சுக்குமிழ் வைத்து, இணையத்தில் வெளியிடுவார். என் பத்திரங்களைத் தட்டச்சு செய்பவரும் அவரே. என்னைவிட இருபது வயதாவது இளையவர். என்னை அண்ணா என்று அழைப்பார். இருவர் பெயரையும் நாங்கள் எங்கும் போடவில்லை. பத்திர எழுத்தர் படம் போடுகிறார் என்று தெரிந்தால், தம் குடும்பச் சங்கதியை எவர் என்னிடம் சொல்வார்?

கதை பரவத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள், பத்திரத்துக்காகக் காத்திருந்த ஒருவர் தம் அலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"ரைட்டரே, இதப் பார்த்தீங்களா? எங்க சித்தப்பன அப்படியே போட்டுக்கிறான்."

"உங்கள் சித்தப்பா என்று எப்படித் தெரியும்?"

"கல்ல நகத்தறவன் வேற எவன் இருக்கான்?"

அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த, அவருக்கு முன்பின் தெரியாத இன்னொருவர் எட்டிப் பார்த்தார். "யோவ், அது எங்க மாமனாருய்யா. உன் சித்தப்பன் இன்னா நகத்தியிருப்பான், ஒரு முழம் இருக்குமா? எங்க மாமனாரு ஒரு வரப்பையே முழுங்கனவரு."

யாருடைய உறவினர் பெரிய திருடர் என்பதில் இருவருக்கும் கைகலப்பே வந்துவிடும் போலிருந்தது. அடுத்த கடையிலிருந்து பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் உள்ளூர மகிழ்ந்தேன். எங்கோ இருக்கும் மனிதர்களுக்குத் தம் வீட்டுக் கதையாகப் படுகிறதே என்று பெருமை.

அந்த மகிழ்ச்சியை நீங்கள் சந்தேகியுங்கள். இது எங்கள் வீட்டுக் கதை என்று சொல்கிறவர் உங்களைப் பாராட்டவில்லை. தம் வீட்டிலிருந்து யாரோ வந்து உங்களிடம் சொல்லிவிட்டார்கள் என்று நம்புகிறார். அது யார் என்று தேடத் தொடங்கிவிட்டார். நிலம் வைத்திருப்பவர்கள் கற்பனை என்ற ஒன்று இருப்பதாக ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது என் தொழிற்பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலத்தைப் பத்திரத்தில் எழுதும்போது கிழக்கே இது, மேற்கே இது என்று நான்கெல்லை குறிக்காமல் எழுத முடியாது. வாழ்நாள் முழுதும் அப்படி எழுதிய கைக்கு வெறும் நிலம் வரைய வராது. கதையில் ஒரு வயல் வந்தால் அதற்கு நான்கு பக்கமும் ஏதாவது இருந்தாக வேண்டும்.

"அண்ணா, பேக்ரவுண்டு எதுக்கு இவ்ளோ? கல்லு பேசினா போதாதா?" என்று பிலோமினா கேட்பார்.

"எல்லை இல்லாத நிலம் எனக்கு நிலமாகவே தோன்றுவதில்லை அம்மா."

அந்த எல்லைகளை நான் புதிதாகப் படைக்கவில்லை. முன்பு எழுதிய பத்திரங்களிலிருந்து, அவற்றின்பொருட்டு நேரில் பார்த்த நிலங்களிலிருந்து, நினைவுக்கு வந்ததை எடுத்து வைத்தேன். கல்லைத் தள்ளும் கடப்பாரையும் தள்ளுகிறவனும் என் கற்பனை. நிலம் மட்டும் உண்மை. ஒரு முறை, கச்சிராயபாளையத்துக்கு அப்பால் அணைக்கால்வாய் பாயும் ஊர் ஒன்றில், நெடுநாள் முன்பு பார்த்த வயலை வரைந்தேன். ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு, அந்த இடிபாட்டில் முளைத்த அரசஞ்செடி. மறுபக்கம் இரண்டு தலையாகப் பிரிந்து வளர்ந்த பனை. நடுவே கல்லண்ணன். கடப்பாரை பிடித்தவனின் முகத்தை வரையவில்லை. மடித்துக் கட்டிய வேட்டியும் கால்களும் மட்டும் தெரியும். அவன் "சத்தம் போடாம வா" என்பான். கல், "மறுபடியுமா?" என்று கேட்கும். அவ்வளவுதான் அந்தக் கட்டம்.

உங்களில் எவரும் அந்த நிலத்தைத் தேடிப் போக வேண்டாம். அங்கே கிணறும் இல்லை, பனையும் இல்லை. அங்கிருந்த வேறு இரண்டு அடையாளங்களை இப்படி மாற்றிச் சொல்கிறேன். ஆட்களின் பெயர்களும் அவ்வாறே.

படம் வெளியாகிச் சில நாள் சென்றபின், பிலோமினாவின் கடைக்கு ஒருவர் வந்தார். கைலி கட்டிய, வெயிலில் கறுத்த மனிதர். ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம். நான் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், எவனோ ஒரு படம் போட்டுக்கிறான். அவன் யாருன்னு கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்ல முடியுமாங்க?"

கீறல் விழுந்த திரையில் நான் வரைந்த வயல் இருந்தது. தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

"இந்தக் கெணறு எங்க கெணறு. இந்தப் பனை எங்க பனை. ரெட்டத்தல பனை சுத்துப்பட்டுல வேற எங்கனா இருக்குதா சொல்லுங்க?"

"சரிங்க, அதனால உங்களுக்கு என்ன?" பிலோமினா என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நெலம் அண்ணன் தம்பி ரெண்டு பேருது. கெணத்துப் பக்கம் அண்ணனுது, பனைப் பக்கம் தம்பியுது. ரெண்டையும் நான்தான் குத்தகைக்கு உழுதுக்கினு இருக்கேன். தம்பிக்காரரு மெட்ராசுல வண்டி ஓட்றாரு. படத்துல கல்லு பனைப் பக்கம் போவுது பாருங்க. அதப் பார்த்துட்டு, என் நெலத்த நீ சேர்த்துக்கினயா, ஊரே சிரிக்குதுன்னு அண்ணன்காரருக்குப் போன் போட்டுக் கத்திக்கிறாரு. அண்ணன்காரரு என்னக் கூப்ட்டு, நீதான்டா எவன்கிட்டயோ போய் இல்லாததயும் பொல்லாததயும் சொல்லிக்கிற, இனிமே வயல்ல எறங்காதன்னுட்டாரு. நாத்து வுட்டு வச்சிருக்கேங்க. முத்திக்கினு வருது."

"படத்துல ஆளோட முகமே இல்லியேங்க."

"காலப் பாருங்க மேடம். அந்தக் கெண்டக்காலு எங்க அண்ணன் காலேதான்னு தம்பிக்காரரு சத்தியம் பண்றாரு."

அது என் கால். வீட்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் வேட்டியை மடித்துக் கட்டி நின்று, பார்த்துப் பார்த்து வரைந்தது. மேசைக்கு அடியில் கால்களைச் சற்று உள்ளிழுத்துக்கொண்டேன்.

பார்த்துச் சொல்வதாக அவர் எண்ணை வாங்கிக்கொண்டு பிலோமினா அனுப்பி வைத்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இவரு நெசமாவே கேக்க வந்தாரா, நம்மள நோட்டம் பார்க்க வந்தாரா?"

எனக்கும் அதே ஐயம். ஊரில் இத்தனை கடைகள் இருக்க, இந்தக் கடைக்கு ஏன் வந்தார்? படத்தை நீக்கிவிடலாமா என்று கேட்டேன்.

"நீக்கினா, பயந்துட்டாங்க பாரு, அப்ப நெசம்தான்னு ஆயிடும். ஸ்கிரீன்ஷாட்டு வேற ஊரெல்லாம் சுத்துது."

"இக்கதையில் வருவன யாவும் கற்பனை என்று போடுவோம்."

"அதப் போட்டா இன்னும் ஜாஸ்தியாத்தான் சந்தேகப்படுவாங்க."

நான் பிடிவாதமாகப் போடச் சொன்னேன். அவர் சொன்னபடியே நடந்தது. "கற்பனைன்னா எதுக்குங்க பயப்படறீங்க?" என்று முதல் கருத்து வந்தது. அதன்பின் முகப்படம் இல்லாத கணக்கு ஒன்றிலிருந்து தனிச்செய்தி. "கெணத்துல மொளச்ச அரசஞ்செடி வரைக்கும் போட்டுக்கிற. நீ யாரு? உனக்கு யாரு சொன்னது?"

அந்த வாரம் நான் சந்தேகிக்காத ஆளில்லை. தேநீர்க் கடைக்காரர் ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்? பெஞ்சில் காத்திருப்பவர் ஏன் என் கைவிரலைக் கவனிக்கிறார்? ஒரு கட்டத்தில், மாதா கோயிலில் யாரிடமாவது சொன்னீர்களா அம்மா என்று பிலோமினாவையே கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"என்னையே கேக்கறீங்களா?"

"வாய்விட்டுக் கேட்காவிட்டால் மனத்துக்குள் கேட்டுக்கொண்டே இருப்பேன். அது இதைவிடக் கேடு."

"நான் யார்கிட்டயும் சொல்லல. போதுமா? இப்ப நான் கேக்கறேன். நீங்க யார்கிட்டயாவது கேட்டு வரைஞ்சீங்களா?"

"இல்லை."

"சரி. நம்பறேன்." நம்புகிறேன் என்று சொன்னவர், அன்று முழுவதும் என்னோடு அளந்துதான் பேசினார். இருவராகச் சேர்ந்து கதை செய்வோர் இதைக் கவனத்தில் வையுங்கள். சந்தேகம் வந்தால் நேருக்கு நேர் கேட்டுவிடுங்கள். கேட்டபின் சில நாள் கசக்கும். அந்தக் கசப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழுமலை சொன்னது உண்மையா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. இருபுறமும் நடவு முடிந்த வயல்கள். நான் வரைந்த வயல் மட்டும் வறண்டு கிடந்தது. அதன் மூலையில் நாற்றங்கால். நாற்று நடவேண்டிய உயரத்தைக் கடந்து, நுனி பழுப்பேறியிருந்தது. ஏழுமலை வரப்பின்மேல் உட்கார்ந்திருந்தார். வயலுக்குள் கால் வைக்கவில்லை.

என்னை அவர் அடையாளம் கண்டுகொண்டார். "டிடிபி கடைல இருந்தவருதான நீங்க? ஆளு யாருன்னு தெரிஞ்சுதாங்களா?"

"தேடிக்கொண்டிருக்கிறோம். நாற்றுக்குத் தண்ணீர் காட்டவில்லையா?"

"எறங்காதன்னுட்டாருங்க. மீறி எறங்குனா, நெலத்த அமுக்கப் பார்க்கறான்னு சொல்வாங்க. இன்னும் நாலு நாள் போனா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும்."

நோட்டம் பார்க்க வந்தவன் தன் நாற்றைக் காயவிட மாட்டான். வேறு எந்தச் சாட்சியும் எனக்குத் தேவைப்படவில்லை. சாலைக்கு வந்து பிலோமினாவுக்குப் போன் செய்தேன்.

"நான் சொல்லிவிடப் போகிறேன் அம்மா."

"அண்ணா, யோசிச்சிக்குங்க. நாளைக்கு எவன் உங்ககிட்ட பத்திரம் எழுத வருவான்?"

"வராவிட்டால் போகட்டும். நாற்று காய்கிறது."

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வரேன். தனியாப் போய் மாட்டிக்காதீங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியும் சண்டைக்கென்றே சென்னையிலிருந்து வந்திருந்தார். அவரைச் சேகர் என்றும், அண்ணனைக் கோவிந்தசாமி என்றும் சொல்கிறேன். வரப்பின்மேல் ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தார்கள். ஏழுமலை சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிலோமினா ஸ்கூட்டியைச் சாலையோரம் விட்டுவிட்டு என்னருகே வந்து நின்றார். கல்லண்ணனை வரைவது நான்தான் என்று சொன்னேன்.

கோவிந்தசாமி என்னைக் கூர்ந்து பார்த்தார். "ரைட்டரே! எங்கப்பா பாகம் பிரிச்சப்ப பத்திரம் எழுதனது நீங்கதான?"

"ஆம். அன்று இந்த நிலத்தைப் பார்த்த நினைவில் வரைந்தேன். கல் நகர்ந்தது என் கற்பனை. ஏழுமலை என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவரை எனக்கு முன்பின் தெரியாது."

உண்மையைச் சொன்னால் முடிச்சு அவிழும் என்று எண்ணியிருந்தேன். அது இன்னும் இறுகியது.

"அதான பார்த்தேன்!" என்று கோவிந்தசாமி தம்பியின் பக்கம் திரும்பினார். "ஏன்டா சேகரு, ரைட்டரக் கையில போட்டுக்கினு என்ன அசிங்கப்படுத்தறியா?"

"நான் போட்டுக்கினனா? நீ அவரு வாய அடச்சு வச்சிருந்த. பொறுக்க முடியாம பேரு போடாம படமா போட்டுக்கிறாரு. காலப் பாரு, உன் காலு!"

"கற்பனை என்று சொல்கிறேனே" என்றேன்.

"கற்பனையில எங்க கெணத்து அரசஞ்செடி எப்படிங்க மொளைக்கும்?" என்றார் கோவிந்தசாமி.

அது நல்ல கேள்வி. உங்களையும் ஒரு நாள் யாராவது கேட்பார்கள்.

இத்தனைக்கும் நடுவே பிலோமினா, கணினியில் தாம் செய்த அந்தப் படத்தின் மூலக்கோப்பைத் தம் அலைபேசியில் திறந்து வைத்து, கிணற்றையும் பனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "அண்ணா, இத நான் திருப்பினேனே!" என்றார்.

எனக்கே அப்போதுதான் நினைவு வந்தது. நான் காகிதத்தில் வரைந்தபோது கல் கிணற்றுப் பக்கம், அதாவது இடப்பக்கம், போய்க்கொண்டிருந்தது. தள்ளுகிறவன் வலப்பக்கம் நின்றான். நாம் இடமிருந்து வலமாகப் படிப்பவர்கள். ஆகவே கல்லின் பதில் முதலிலும், ஆளின் பேச்சு பின்னாலும் கண்ணில் பட்டது. அதைச் சரிசெய்ய அவர் பின்னணியை அப்படியே விட்டுவிட்டு, கல்லையும் ஆளையும் மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வைத்தார். கிணறும் பனையும் அவை இருந்த இடத்தில் இருந்தன. கல் மட்டும் பனைப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டது.

பிலோமினா சகோதரர் இருவருக்கும் நடுவே போய் நின்று அலைபேசியைக் காட்டினார். "இங்க பாருங்க. இப்ப கல்லு பனைப் பக்கம் போகுது. யாரு நெலம் கம்மியாகுது?"

"என்னுது" என்றார் சேகர்.

பிலோமினா விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கல்லும் காலும் திரும்பிக்கொண்டன. "இப்ப?"

"என்னுது" என்றார் கோவிந்தசாமி.

"அப்ப இப்ப திருடன் யாரு?"

"ஏம்மா, இன்னா பேசற நீ!" என்று சேகர் குரலை உயர்த்தினார்.

மறுபடி ஒரு தட்டு. "இப்ப இவரு." இன்னொரு தட்டு. "இப்ப நீங்க. பேச்சு முன்ன பின்ன வரக்கூடாதுன்னு நான் திருப்பி வச்சதுங்க இது. இதுக்கு ஒண்ணும் தெரியாது."

கோவிந்தசாமி அலைபேசியைத் தம் கையில் வாங்கினார். தடித்த விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். கல் அங்கும் இங்கும் நடந்தது. அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. "டேய், ஒரு வெரல்ல உன்னையும் திருடனாக்கறாங்க, என்னையும் திருடனாக்கறாங்கடா! இதுக்காடா மெட்ராசுலருந்து வண்டி ஏறி வந்த?"

சேகர் சிரிக்கவில்லை. கல் கிணற்றுப் பக்கம் போகும் படத்தைச் சற்று அதிக நேரம் பார்த்தார். "இத வெளியில எங்கயும் போடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கோவிந்தசாமி ஏழுமலையிடம் மன்னிப்பொன்றும் கேட்கவில்லை. "இன்னாடா மரமாட்டம் நிக்கிற? மடையத் தொற. நாத்து காயுது பாரு" என்றார். ஏழுமலை மண்வெட்டியோடு ஓடினார். பிரியும்போது, இரண்டு பேரும் சேர்ந்து சர்வேயருக்கு மனுப் போட்டு அளந்துவிடுங்கள், படத்தை வைத்துச் சண்டையிடாதீர்கள் என்று தொழில்முறையில் சொன்னேன். இருவரும் பார்க்கலாம் என்றார்கள். அந்தச் சொல்லுக்கு அளக்கப் போவதில்லை என்று பொருள் என எனக்குத் தெரியும்.

இதுவரை உள்ளதை நான் பல இடங்களில் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. இதற்குப் பிறகு நடந்ததை எவரிடமும் சொன்னதில்லை.

பிலோமினா வண்டியை எடுக்க முன்னால் போய்விட்டார். மடையைத் திறந்துவிட்டு, சேறு படிந்த காலோடு ஏழுமலை என் பின்னால் வந்தார். திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ரைட்டரய்யா, மொதல்ல நீங்க வரைஞ்சப்ப கல்லு கெணத்துப் பக்கம்தான போச்சு?"

"ஆம்."

"அது யாருங்க சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லவில்லை. அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்."

"என்கிட்ட எதுக்குங்க மறைக்கறீங்க? தம்பிக்காரரு பொங்கலுக்கு வந்தப்ப கடப்பாரையோட எறங்குனாரு. கெணத்துப் பக்கம்தான் தள்ளி நட்டாரு. நான் பக்கத்துக் கரும்புக்குள்ள நின்னு பார்த்தேன். நான் ஒருத்தன்தான் பார்த்தேன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

கல்லை நகர்த்தியவர் தம்பி. குற்றம் அண்ணன்மேல் விழும்படி ஒரு படம் தானாக வந்து சேர்ந்ததும், அதைப் பற்றிக்கொண்டு அவரே முதலில் கூச்சலிட்டிருக்கிறார். இனி கல் நகர்ந்திருக்கிறது என்று எவர் பேசினாலும் பழி அண்ணனுக்கே போகும் அல்லவா?

"அண்ணனிடம் ஏன் நீர் சொல்லவில்லை?"

"ரெண்டு பேர் நெலத்தையும் உழறவன் நானுங்க. அண்ணனச் சொன்னா அண்ணன் பாதி போவும், தம்பியச் சொன்னா தம்பி பாதி போவும். மீதிப் பாதியில எம்புள்ளைங்க எப்படிச் சாப்பிடும்? என்ன வுடுங்க. உங்களுக்குச் சொன்னவன் யாருன்னு சொல்லுங்க. அவன் இன்னொருத்தர்கிட்ட சொன்னான்னா பழி என் தலையிலதான் வரும்."

"என் தொழில்மேல் ஆணையாகச் சொல்கிறேன், எவரும் சொல்லவில்லை."

அவர் மெல்லத் தலையாட்டினார். போலி வாரிசுச் சான்றைக் கையில் வாங்கும்போது நான் ஆட்டுகிற தலை அது. "சரிங்க. நானும் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டு வயலுக்குத் திரும்பினார்.

மறுநாள் பிலோமினா கேட்டார். "அண்ணா, கல்ல நீங்க வரைஞ்ச மாதிரியே திருப்பி வச்சுடட்டுமா? பேச்ச மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு வச்சா முன்ன பின்ன ஆகாது. நான் அன்னிக்கே அப்படிச் செஞ்சிருக்கணும்."

வெளியே இருக்கும் படம் குற்றமற்றவர்மேல் பழி போடுகிறது. திருப்பி வைத்தால் அது உண்மையாகிவிடும். அதைச் சேகர் பார்ப்பார். தம்மைப் பார்த்த கண் ஒன்று உண்டு என்று அறிவார். அந்த வயலில் எப்போதும் நிற்கிற கண் யாருடையது என்று யோசிக்க அவருக்கு நெடுநேரம் ஆகாது. ஒரு பக்கம் கோவிந்தசாமியின் ஒரு துண்டு மண். மறுபக்கம் ஏழுமலையின் முழு உழவு. யாரிடமாவது கேட்டு முடிவெடுக்கலாம் என்றால், கேட்பதே காட்டிக்கொடுப்பதாகும்.

"வேண்டாம். இருப்பது இருக்கட்டும்."

"தப்புன்னு தெரிஞ்சேவா? எப்பவும் எல்ல சரியா இருக்கணும்னு உசிர வாங்குவீங்களே?"

"இருக்கட்டும் அம்மா."

அவர் காரணம் கேட்டார். நான் சொல்லவில்லை. அதன்பிறகு நான் வரைந்த வயல்களில் கிணறு, மரம், வாய்க்கால் எதுவும் இல்லை. வெறும் மண்ணில் கல் நின்று பேசியது. முன்போல் இல்லை என்று வாசகர்கள் எழுதினார்கள். அவர்கள் சொன்னது சரிதான். சிறிது காலத்தில் கல்லண்ணனை நிறுத்திக்கொண்டேன்.

அந்த நிலத்தைச் சகோதரர் இருவரும் சேர்ந்து ஒரே ஆளுக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர் நடுவிலிருந்த கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். ஏழுமலை இப்போது மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் மகனோடு இருந்துகொண்டு கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். இனி எவருக்கும் தீங்கில்லை என்று உறுதியான பின்னரே உங்களுக்கு இதைச் சொல்கிறேன். வாசகரைச் சந்தேகியுங்கள், பாராட்டைச் சந்தேகியுங்கள் என்று எத்தனையோ பேர் உங்களுக்குச் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. நீங்கள் கற்பனையாக வரைந்ததைப் பார்த்து ஒருவர் நடுங்கினால், உடனே அது கற்பனைதான் என்று வாதாடாதீர்கள். அவர் எதை இழக்கப் போகிறார் என்று முதலில் பாருங்கள். படத்தைத் திருத்துவது பிறகு ஆகட்டும்.

கண்பார்வை மங்கியதால், நான் சொல்லச் சொல்ல இதைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவர் பிலோமினா. ஏழுமலை என் பின்னால் வந்த இடத்திலிருந்து அவர் விரல்கள் மெதுவாகிவிட்டன. இப்போது அடியோடு நின்றுவிட்டன. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்க்கிறார்.

"அப்ப சேகர்தானா? இத்தன வருஷமா என்கிட்டயே சொல்லாம வச்சுக்கினு இருந்தீங்களா?"

"தட்டச்சு செய்யுங்கள் அம்மா."

"செய்யறேன். நான் இப்ப கேக்கறதையும் சேர்த்தே அடிக்கறேன். வேற எதெல்லாம்ணா என்கிட்ட மறைச்சு வச்சிருக்கீங்க?"